குகை மொழிச் சில்லு

சென்னை ஹாஸ்டலில் இருந்து அழுக்குத் துணி மூட்டையோடு அண்ணன் விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்த ஒரே உருப்படியான பொருள் அந்த விளையாட்டுதான். ராஜா, கோட்டை, மந்திரவாதி, காட்டுவாசி என்று ஆளுக்கொரு வேஷம். எழுந்து நடிக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் பேசிப் பேசியே கதையை நகர்த்த வேண்டும். நடத்துவது அண்ணன். ஆடுவது நானும், என்னோடு செராமிக் டிப்ளமோ படித்த தோழியும், அண்ணனின் சிநேகிதர்கள் இருவரும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் மாடிக் கொட்டகையில் இப்படித்தான் போயின.

ஒவ்வொரு வேஷத்துக்கும் தெரிந்த மொழிகள் உண்டு. பொது மொழி எல்லோருக்கும். காட்டு மொழி காட்டுவாசிகளுக்கு. நானும் தோழியும் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டுகிற குகை ஜனம். குகை மொழி எங்கள் இருவருக்கு மட்டும். அதில் ஒரு வார்த்தைகூட எங்களுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். யார் உட்கார்ந்து உண்டாக்குவது? பிராக்டிகலில் மிஞ்சிய களிமண்ணைப் பாண்டியாட்டச் சில்லு மாதிரி தட்டி, மொழிக்கொரு நிறத்தில் கிளேஸ் பூசி, காலேஜ் சூளையில் மற்ற சாமான்களோடு ஓரமாக வைத்துச் சுட்டெடுத்தோம். குகை மொழிக்குப் பழுப்பு, இரண்டே இரண்டு. அவளுடையதில் கிளேஸ் காயும் முன்னே கட்டைவிரல் பட்டுத் தடம் விழுந்துவிட்டது. நாங்கள் பழுப்புச் சில்லைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் எழுந்து மாடிப்படிக்குப் போய்விட வேண்டும். அப்புறம் தமிழிலேயே பேசுவோம். அதுதான் குகை மொழி.

அண்ணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். "கதை நடத்துறவனுக்கே தெரியக்கூடாதுன்னா இன்னாடி நியாயம்?"

"நீ எப்ப குகைக்குள்ள வந்த? போயி படிக்கட்டுல உக்காரு" என்பேன்.

எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் ஏன் சாத்தினாய் என்று கேட்பார்கள். சில்லை எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் கோட்டையைப் பிடிக்கிற பேச்சு குறைந்து, என் பேச்சு கூடிக்கொண்டே போனது. வீட்டில் சேத்தியாத்தோப்பில் எனக்கு ஒரு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குஜராத் டைல்ஸ் கம்பெனி ஒன்று பாண்டிச்சேரியில் ஆள் எடுக்கிறது, இன்னும் பத்து நாளில், புதன்கிழமை இண்டர்வியூ, பரீட்சை என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். வேலை கையில் இருந்தால் அப்பாவோடு சண்டை போட ஒரு தெம்பு வரும்.

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடாத."

"சில்லு மேல சத்தியம்டி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குப் போகிற வழியில் அண்ணன் ஒரு பாலத்தை வைத்தான். பாலத்தில் ஒரு காவல்காரன். "இவனுக்கு குகை மொழி தெரியும்" என்றபடி சட்டைப் பையிலிருந்து ஒரு பழுப்புச் சில்லை எடுத்துத் தரையில் வைத்தான். சிநேகிதர்கள் பழக்கதோஷத்தில் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்கள்.

"குகைப் பொண்ணு புதன்கிழமை பாண்டிச்சேரிக்குப் போறாளாமே. அவ அப்பாவுக்குத் தெரியுமா?" காவல்காரன் குரலில் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

சில்லைப் பார்த்தேன். அதே கட்டைவிரல் தடம்.

அவள் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். "அவரு கேட்டாரு. எனக்கு மறைக்க வரல" என்றாள்.

அதுவரை என் அண்ணன் அவளுக்கு 'உங்கண்ணன்'. எப்போது 'அவரு' ஆனான்? எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அவளை என் பக்கத்து ஆள் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன்! மனசில் இருந்ததையெல்லாம் நான் கொட்டினேன். அவள் இந்த ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை. என் சில்லை அங்கேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

புதன்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார். சேத்தியாத்தோப்பு வரன் ஜாதகம் பொருந்தாமல் தட்டிப்போனது. வேலை போனது போனதுதான். அண்ணன்மேல் வந்த கோபம் ஒரு மாதத்தில் தணிந்துவிட்டது, அண்ணன்கள் அப்படித்தான். அவளை நினைத்தால்தான் வயிறு எரிந்தது.

பிறகு அவளே எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். கல்யாணச் சந்தடி அடங்கியதும், பழையபடி ஆடலாம் என்று அண்ணன் எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டான். புதுக் கதை, புது வேஷம். "உனக்கு எந்தெந்த மொழி வேணும்?" என்று என்னைக் கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். இரண்டு பழுப்புச் சில்லுகள். தடம் இல்லாததை என் பக்கம் தள்ளி, "எடுத்துக்கடி" என்றாள் மெதுவாக.

நான் அதைத் திருப்பித் தள்ளினேன். "பொது மொழி போதுங்க அண்ணி."

அவளை நான் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை. அவள் முகம் சுண்டிப்போனது. அதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் அந்த மொழியில்தான். சாப்டீங்களா அண்ணி? மழ வர்ற மாதிரி இருக்குதுங்க, துணிய எடுத்துடலாங்களா?