சம்பந்தி படித்த கடைசிப் பாகம்

போன மாசம் ஒரு ஞாயிறு. செங்கல்பட்டில் அடைமழை. நான் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் சரண்யா பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை. மிக்ஸியை நிறுத்தினேன்.

"நிச்சயதார்த்தம் வேணாம்மா."

மறுபடி மிக்ஸியைப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக... சரண்யா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பையன் பிரபு, கல்பாக்கத்தில் டெக்னீஷியன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்துப் பிள்ளை. நாங்களோ செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்து, செங்கல்பட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். இரண்டு வீடும் 'சரி' என்று சொல்லவே ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷத்தில் என் கணவருக்கு பி.பி. மாத்திரையின் டோஸ் கூடியது. பிரபுவின் தாய்மாமன் எங்களோடு பேச மாட்டேன் என்று இருந்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். இப்போது நிறுத்த மாட்டேன் என்கிறார்.

சாதி, சொந்தம், சாமி, ஜாதகம் எல்லாவற்றையும் தாண்டி வந்த கல்யாணம். தையில் முகூர்த்தம். இப்போது போய் வேண்டாமென்றால்?

வேறு பெண்ணா? குடியா? தாய் மனசு எங்கெல்லாம் ஓடுமோ அங்கெல்லாம் ஓடிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது.

"அவன் ரீமேக்கைப் பாதியிலேயே நிறுத்திட்டாம்மா," என்றாள்.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "எது... அந்தக் கார்ட்டூனா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அது. ஜப்பான்காரர்கள் எடுப்பதை அனிமே என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவருக்குச் சட்னி இல்லாத இட்லிதான் கிடைத்தது.

இரண்டு பேரும் பழகியதே ஒரு அனிமே ரசிகர்கள் குழுவில்தான். பழகக் காரணமாக இருந்தது 'மூடுபனித் தீவு' என்ற தொடர். பிரியக் காரணமும் அதேதானாம். இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பஞ்சாயத்துப் பண்ண வேண்டுமென்றால் வழக்கு என்னவென்று தெரிய வேண்டாமா? உட்கார்ந்தேன். ஒரு வாரம், சமையல் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பார்த்தேன், படித்தேன்.

கதை எளிமையானதுதான். கடலுக்குப் போன அப்பாவைப் பனிமூட்டத்தில் வாழும் பூதம் ஒன்று விழுங்கிவிடுகிறது. அப்பாவை மீட்க அண்ணனும் தம்பியும் படகில் கிளம்புகிறார்கள். ஜப்பான் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அண்ணன், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் வந்தது மங்கா. அதாவது படக்கதைப் புத்தகம். அது முடிவதற்குள் டிவிக்காரர்கள் அவசரப்பட்டுத் தொடர் எடுத்துவிட்டார்கள். கதை பாதியில் நிற்கிறதே, என்ன செய்வது? தாங்களே ஒரு முடிவு வைத்தார்கள். அப்பா, அண்ணன், தம்பி மூன்று பேரும் வீடு திரும்புகிறார்கள். சுபம். அதைத்தான் இங்கே தமிழ் டப்பிங்கில் போட்டார்கள். பிரபு சின்ன வயதில் பார்த்தது அது.

பல வருஷம் கழித்து மங்கா முடிந்தது. அதில் கடைசிப் பாகத்துக்கு முன்பே அப்பா மீட்கப்பட்டு வீடு வந்துவிடுகிறார். ஆனால் பிள்ளைகள் மறுபடி கடலுக்குப் போகும்போது அண்ணன் பூதத்தின் வாய்க்குள் போனவன் போனவன்தான். தம்பி கரையில் தனியாக நிற்கிறான். அவ்வளவுதான், முடிந்தது. இப்போது வந்திருக்கும் ரீமேக் தொடர், மங்காவில் இருப்பதை அப்படியே எடுத்திருக்கிறது.

பழைய தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே அலையை வரைந்துவைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப அடிக்க விடுகிறார்கள். வசனம் முடிந்த பிறகும் பூதம் வாயசைக்கிறது. டப்பிங்கில் அப்பாவுக்கும் பூதத்துக்கும் ஒரே ஆள் குரல்! அப்பா "கண்ணுங்களா" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றது. நடுவில் ஒரு எபிசோட் முழுக்க அண்ணனும் தம்பியும் மீன் குழம்பு மாதிரி ஒன்றை வைத்து, உப்பு போதுமா என்று சண்டை போடுகிறார்கள். மங்காவில் இல்லாத சும்மா இட்டு நிரப்பல் அது என்று சரண்யா மூக்கைச் சுளித்தாள். எனக்கு மொத்தத் தொடரிலும் பிடித்தது அந்த எபிசோட்தான்.

ரீமேக்கில் ஒவ்வொரு துளித் தண்ணீரும் தனித்தனியாகத் தெரிகிறது. இசை ஆளைத் தூக்குகிறது. ஆனால் யாருக்கும் உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. நம் எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க ஓடுகிற மாதிரி எல்லோரும் ஓடிக்கொண்டே சாகிறார்கள்.

மங்கா? அதை நான் முதலில் நம்மூர்ப் புத்தகம் போலத் திறந்தேன். சரண்யா தலையில் அடித்துக்கொண்டு, புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தாள். ஜப்பானில் வலமிருந்து இடமாகப் படிப்பார்களாம். நமக்குக் கடைசி அட்டை, அவர்களுக்கு முதல் அட்டை. பழகியபின் சொல்கிறேன், மூன்றில் ஒசத்தி அதுதான். கடைசிப் பாகத்தில் ஒரு பக்கம் முழுக்க வெறும் கடல். வசனம் கிடையாது. அதைப் பார்த்து நான் அழுதேன். இதை மகளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஆக, தீர்ப்பு மகள் பக்கம்தானே? அப்படித்தான் நினைத்தேன்.

எது முதலில் வந்ததோ அது ஒரிஜினல் என்கிறாள் மகள். எதை முதலில் பார்த்தோமோ அதுதான் ஒரிஜினல் என்கிறான் பையன். இதற்கு எந்தக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்குவது?

சண்டை நடந்த விதத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரபுவின் பிறந்தநாளுக்கு மங்காவின் கடைசிப் பாகத்தைப் பரிசாகக் கொடுத்திருக்கிறாள். அவன் படிக்கவே இல்லை. சரி, ரீமேக்கையாவது பார் என்றிருக்கிறாள். அண்ணன் சாவதற்கு முந்தின எபிசோடோடு நிறுத்திவிட்டான். அண்ணன் திரும்பி வந்தாச்சு, எனக்கு அவ்வளவுதான் கதை என்றிருக்கிறான். இவள், அதெல்லாம் வரைஞ்ச பொம்மைதானே, செத்தா என்ன, உண்மையை ஏத்துக்கத் தெரியாதவனோட எப்படிக் குடும்பம் நடத்துறது என்று கேட்டுவிட்டாள். அவன் "உனக்குப் புரியாது" என்று போனை வைத்தவன் திரும்பக் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு, நிச்சயதார்த்தத்துக்கு முறைப்படி அழைக்க நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டிய நாள். என் கணவர் பி.பி.யைக் காட்டி வீட்டில் தங்கிக்கொண்டார். சரண்யா கிளம்பினாள். எதற்குத் தெரியுமா? "என் வாயாலயே சொல்லிட்டு வந்துடறேன்" என்று. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போகும்போது என் மடியில் வெற்றிலை பாக்கு, பழத் தட்டு. அவள் முகத்தில் கல்யாணத்தை நிறுத்தும் களை. ஒரு வருஷம் இரண்டு வீட்டுக் காலிலும் விழுந்தவள் நான்.

குப்பத்தில் படகெல்லாம் மணலில் ஏறியிருந்தன. கடலில் காற்று, யாரும் போக வேண்டாம் என்று அறிவிப்பு. சம்பந்தி தேசப்பன் பல நாளாக வீட்டில். கடலுக்குப் போகாத மனிதர் வீட்டில் என்ன பண்ணுவார்? சம்பந்தியம்மா அம்சா என்னிடம் புலம்பினார். வலையை எடுத்து வைத்துவிட்டு, ஃபேனைக் கழற்றித் துடைத்து, டிவி ரிமோட்டைப் பிரித்து மாட்டி, கடைசியில் வீட்டில் இருந்த காகிதம் எதையும் விட்டுவைக்காமல் பார்த்துவிட்டாராம்.

பிரபு ஒரு மூலையில். சரண்யா எதிர் மூலையில். நடுவில் அம்சா வைத்த வறுத்த மீன். யாரும் தொடவில்லை. நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்... பதற்றத்தில் எனக்குப் பசிக்கும்.

சரண்யா தொண்டையைச் செருமினாள். ஐயோ, ஆரம்பித்துவிட்டாள் என்று கண்ணை மூடினேன். அதற்குள் தேசப்பன் முந்திக்கொண்டார். ஃப்ரிட்ஜ் மேலிருந்து எதையோ எடுத்து அவள் முன்னால் வைத்தார். மங்கா. கடைசிப் பாகம்.

"இந்தப் பொம்ம புக்கு நீ குட்த்ததாமே? இவன் தொட்டுக்கூடப் பாக்கல. நான் ஃபுல்லா பாத்துட்டேன். நல்ல கதம்மா."

படித்தீர்களா என்று நான் ஆச்சரியமாகக் கேட்டேன். படம் பார்த்தால் போதாதா, மீனுக்கும் அலைக்கும் இங்கிலீஷ் எதற்கு என்றார். முதல் பக்கத்தில் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்ததாம். சினிமாவில் பீடி, சிகரெட் குடிக்காதே என்று போடுவார்களே, அந்த மாதிரி என்று நினைத்துத் தள்ளிவிட்டாராம்.

அந்த எச்சரிக்கை எனக்குத் தெரியும். 'நிறுத்து, நீ தப்பான பக்கம் திறந்திருக்கிறாய்' என்பதுதான் அது.

மனிதர் நம்மூர்ப் புத்தகம் போலத் திறந்திருக்கிறார்!

"மொதல்ல ஒரே பேஜாரா இருந்துச்சி," என்று ஆரம்பித்தார். "சின்னவன் தனியா கரையில நின்னுகினு கீறான். அப்பால கடலுக்குப் போறான். பூதம் வாயத் தொறக்குது, உள்ளேர்ந்து பெரியவன் வெளிய வந்துர்றான். அப்பால ரெண்டு பேரும் ஒரே போட்ல. கடைசில பாத்தா வூட்ல ஒண்ணா குந்திகினு சோறு துன்றாங்க. அத்தோட முடிச்சிட்டான்."

பிரபுவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். சரண்யாவுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். அவள் யார்? உறவுக்காரர் கல்யாணப் பந்தியில் 'கார்ட்டூன்' என்று சொன்னவரைப் பாயசம் ஆறும்வரை திருத்தியவள். அவள் வாய் திறந்தது.

தேசப்பன் விடவில்லை. இதைத்தான் அந்தக் காலத்தில் டிவியில் தமிழில் போட்டார்கள் என்றார். மழைக்கு ஸ்கூல் லீவு விடுவார்கள், கடலும் கிடையாது, அப்பனும் பிள்ளையும் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார்களாம். கடைசி எபிசோட் அன்றைக்கு மட்டும் கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது என்று இவர் படகை இறக்கிவிட்டார்.

"போனப்புறம் காத்து திரும்பிக்கிச்சி. கரையேற ரொம்ப நேரமாயிடுச்சி. குப்பமே கரையில நிக்குது. இவனும் நின்னுகினு கீறான், இத்தினியூண்டு. என்னப் பாத்து இன்னா சொன்னான் தெரியுமா? 'நைனா, அவங்களும் வந்துட்டாங்க'ன்னான்."

பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேனே, இந்த வீட்டில் எந்தக் கடலோரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள் என்று யோசித்தேனா? செங்கல்பட்டில் காற்றடித்தால் கொடியில் காயும் துணியைத்தான் எடுப்போம்.

தேசப்பன் என் மகளைப் பார்த்துக் கேட்டார். "அதான கத? அப்பிடித்தான முடியுது?"

சரண்யா புத்தகத்தைப் பார்த்தாள். பிரபுவைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடினாள்.

"ஆமா மாமா. அப்படித்தான் முடியுது."

நான் தட்டிலிருந்த அடுத்த மீன் துண்டை எடுத்தேன். இந்த முறை நிம்மதியில்.

ஆனால் தேசப்பனுக்கு ஒரு குறை இருந்தது. ஆரம்பத்தில் கிழிந்து தொங்கும் வலை, போகப் போகப் புதுசாகிவிடுகிறதாம். எப்போது உட்கார்ந்து பின்னினார்கள் என்று காட்டவில்லையாம். அது பெரிய தப்பு என்றார்.

"அதை ரீமேக்ல காட்டியிருக்காங்க மாமா," என்றாள் என் மகள், கண்ணைச் சிமிட்டாமல்.

பிரபு சிரித்துவிட்டான். வாயில் வைத்திருந்த தண்ணீர் சட்டையெல்லாம். அம்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் துண்டை எடுத்து வந்தார். நான் சட்டென்று தட்டை நீட்டி, முறைப்படி அழைத்துவிட்டேன். இனி யாரும் மனசு மாறக் கூடாதே!

திரும்பி வரும்போது பஸ் வரைக்கும் பிரபு வந்தான். இரண்டு பேரும் எனக்கு முன்னால் நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன். தாய்தானே? பழைய தொடரில் அந்த மீன் குழம்பு எபிசோட் தேவையா, இல்லையா என்று சண்டை. மனசுக்கு இதமாக இருந்தது.

நிச்சயதார்த்தம் போன வாரம் நல்லபடியாக முடிந்தது. இப்போது புது ஏற்பாடு ஒன்று. கல்யாண ஆல்பத்தை மங்கா மாதிரி வலமிருந்து இடமாக அடிக்கப் போகிறார்களாம், இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள்.

கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். சம்பந்தி கையில் கிடைத்தால், கடைசிப் பக்கத்தில் மாப்பிள்ளை மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேன் ஏறிப் போய்விடுவார்!