கீழ் லயத்தாரைப் பற்றி உடையப்பன் எழுதியது

உடையப்பன் ஈப்போவில் ஒரு சின்னத் தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோத்தான். பிறந்து வளர்ந்தது லகாட் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே தொழிலாளர்களின் வரிசைவீடுகளுக்கு லயம் என்று பேர். மேட்டில் தமிழர் லயம், ஓடைக்குக் கீழே தெலுங்கர் லயம். ஒரு காலத்தில் இரண்டுக்கும் ஒரே மாரியம்மன் கோயில்தான். தேர்வடத்தை யார் முதலில் தொடுவது என்று மூண்ட சண்டையில் கீழ் லயத்தார் பிரிந்துபோய் ராமருக்கு ஒரு பஜனை மடம் கட்டிக்கொண்டார்கள். அதோடு கொள்வினை கொடுப்பினையும் போயிற்று.

எழுபத்தொன்பதில் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோயில் தலைவர் சின்னையா அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

“மலர் ஒண்ணு போடுறோம்பா. நம்ம தோட்டத்து வரலாற நீதான் எழுதணும். நல்லா, நம்ம ஆளுங்க நெஞ்ச நிமித்துற மாதிரி எழுதுலா.”

உடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சமயத்தில் அவன் டவுன் நூலகத்தில் ஒரு கனத்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு வாசித்துக்கொண்டிருந்தான். ஆர்மீனியர்களின் பழைய வரலாற்றாசிரியர்கள் பக்கத்து நாட்டு ஜார்ஜியர்களைப் பற்றி என்ன எழுதிவைத்தார்கள் என்பதுதான் அதில் ஒரு அத்தியாயம். இரண்டும் மலைநாடுகள். இரண்டு மக்களும் கிறிஸ்துவர்கள், இருவரையும் பாரசீக ராஜா ஆட்டிவைத்தான். சேர்ந்து எதிர்த்து நிற்போம், வடக்கிலிருந்து படை கொண்டுவருகிறேன் என்று ஜார்ஜிய மன்னன் சொல்லியனுப்பினானாம். சொன்ன படை காலத்தில் வரவில்லை. போர்க்களத்தில் ஜார்ஜியர்கள் முதுகு காட்டி ஓடினார்கள் என்று ஆர்மீனியர் ஒருவர் எழுதியிருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆனபிறகு இரண்டு சபைகளும் பிரிந்தன. ஜார்ஜியர்களோடு சேர்ந்து தொழக்கூடாது, உண்ணக்கூடாது, சம்பந்தம் செய்யக்கூடாது, வாங்கல் விற்றல் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆர்மீனிய குருமார்களின் தலைவர் கட்டளையிட்டார்.

வாசிக்க வாசிக்க உடையப்பனுக்கு மயிர் சிலிர்த்தது. இது நம்ம கதையல்லவா! போர் முடிந்து சப்பான்காரன் போன பிறகு தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தில் கீழ் லயத்தார் நம்மைக் கைவிட்டு ஓடினார்கள் என்று அவன் அப்பா பழனியப்பன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாரே!

அத்தியாயத்தின் முடிவில் புத்தகம் எழுதியவர் ஓர் எச்சரிக்கையும் வைத்திருந்தார். அந்தப் பழைய ஆசிரியர் ஒரு பிரபு குடும்பத்தின் நிழலில் இருந்து எழுதியவர், தோல்விக்குப் பழி சுமக்க யாராவது வேண்டியிருந்தது, ஜார்ஜியர் தரப்பைக் கேட்காமல் இதை அப்படியே நம்பவேண்டாம் என்று. உடையப்பன் அதையும் வாசித்தான். வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினான்.

கீழ் லயத்தில் யாரையும் அவன் போய்க் கேட்கவில்லை. கேட்பதற்குத் தூரம்கூடப் போகவேண்டாம். அவனோடு படித்த அப்பலசாமி கீழ் லயத்துக்காரன்தான், ஈப்போ பசாரில் காய்கறி விற்கிறான். இருவரும் அடிக்கடி சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். அப்போதெல்லாம் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள்.

கும்பாபிஷேகம் முடிந்த மாலை, கோயில் பந்தலில் மலர் வெளியீடு. உடையப்பன் கூப்பிட்டிருந்ததால் அப்பலசாமியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். தான் எழுதியதை உடையப்பனே மைக்கில் வாசித்தான். “துணை நிற்போம் என்று வாக்குத் தந்தவர்கள், போலீஸ் லாரியைக் கண்டதும் முதுகு காட்டி ஓடைக்கு அப்பால் ஓடினார்கள்.” பந்தல் கைதட்டியது.

தட்டல் அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ராக்காயி எழுந்தாள். அவன் அப்பாவின் தங்கை. அந்த வேலைநிறுத்தத்தில் கூட்டத்தோடு நின்றவள்.

“யார்டா ஓடுனது?” என்றாள். “நான் அங்க நின்னேன். லாரிய பார்த்ததும் ‘ஓடுங்க ஓடுங்க’ன்னு கத்திட்டு மொதல்ல ஓடுனவன் ஒங்கப்பன். எங்கண்ணன்தான், நான் பொய் சொல்லுவனா? நாங்க எல்லாம் பின்னாலயே ஓடிட்டோம். கீழ் லயத்து ஆளுங்க மட்டும்தான் நின்னு அடி வாங்குனாங்க. இந்தா ஒக்காந்திருக்கானே அப்பலசாமி, இவங்கப்பாவுக்கு அன்னிக்கு ஒடஞ்ச கை, சாகுற வரைக்கும் நேரா வரல.”

சின்னையா பாய்ந்துபோய் நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொன்னார். மைக் இன்னும் உடையப்பன் கையில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் மைக்கை மேசையில் வைத்தான். அப்பலசாமி எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தான்.

 அப்பா பொய் சொன்னார் என்பதைவிட, எச்சரிக்கையைப் படித்துவிட்டே எழுதினோம் என்பதுதான் உடையப்பனை அறுத்தது. அச்சக முதலாளியிடம் கேட்டு, நடந்ததை உள்ளபடி எழுதி, ஒற்றைத் தாளாக அச்சடித்தான். அதை எடுத்துக்கொண்டு பசாருக்குப் போனான்.

அப்பலசாமி தாளை வாங்கிக் கடைசிவரை படித்தான்.

“ஏன் மச்சான், இவ்ளோ நாளா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” என்று கேட்டான் உடையப்பன்.

“ஒங்கப்பாவ பத்தி ஒன்கிட்டயே எப்படிலா சொல்றது? நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” தாளைத் திருப்பி நீட்டினான். “எங்களுக்கு இது எதுக்கு? நடந்தது எங்களுக்குத் தெரியும். ஒங்க ஆளுங்களுக்குக் கொண்டுபோய்க் குடு.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடையப்பன் மேல் லயத்தில் வீடு வீடாக ஏறினான். சிலர் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள். சின்னையா வாங்கிய கையோடு கிழித்தார். “பெத்த அப்பன காட்டிக்குடுக்குறியா?” என்று கேட்டார். உடையப்பன் அடுத்த வீட்டுக்கு நடந்தான். ராக்காயி அத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டு அழுதாள். ஓடியவர்களில் அவளும் ஒருத்தி.

எண்பதுகளின் நடுவில் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுப்போயிற்று. இரண்டு லயத்தாரும் ஈப்போவிலும் காம்பாரிலும் சிதறிப்போனார்கள். அப்பலசாமி தன் மகள் கலியாணத்துக்கு உடையப்பனை நேரில் வந்து அழைத்தான். முன்வரிசையில் உட்காரவைத்து, “என் கூட்டாளி, அச்சகத்துல இருக்கான், நல்லா எழுதுவான்” என்று சம்பந்திகளிடம் சொன்னான். அவர்கள் வணங்கினார்கள். உடையப்பனும் கைகூப்பினான். ஆனால் அவன் தலை நிமிரவில்லை.