அந்தப் பிள்ளைக்கான புத்தகம்

பூட்டிய கதவைப் பாதித் தெரு போன பிறகு திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். யாராவது ஒரு காகிதத்தை மடித்து, இன்னாரிடம் கொடுத்துவிடு என்று என் கையில் திணித்தால் இன்றைக்கும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நாலாம் வகுப்பில் நான் தூக்கிக்கொண்டு போன ஒரு சீட்டுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுவது இது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா சிதம்பரத்தில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களோடு அவருக்கு ஓர் ஏற்பாடு உண்டு. அடுத்த வாரம் என்ன பாடம் நடத்தப்போகிறார்கள் என்று அவர்கள் வியாழக்கிழமை சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். அப்பா அலமாரி அலமாரியாகத் துழாவி, அந்தப் பாடத்துக்குத் தோதான புத்தகங்களைப் பொறுக்கி, சணல் கயிற்றால் கட்டித் திங்கட்கிழமை அனுப்பிவைப்பார். பறவைகள் பாடம் என்றால் கொக்குப் படம் போட்ட பெரிய புத்தகம் வகுப்புக்கு வந்துவிடும். சீட்டைக் கொண்டு போகிற வேலை எனக்கு. நூலகர் மகள் என்றால் சும்மாவா?

அந்த நூலகர் மகளுக்குப் படிக்க வராது என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது.

எழுத்துகள் தெரியும். தனியாக நிற்கிற 'ப'வையும் 'ட்'டையும் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன். நாலைந்து எழுத்து சேர்ந்து ஒரு சொல்லாக வந்தால்தான், பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் சொந்தக்காரர்களைத் தேடுகிற மாதிரி ஆகிவிடும். ஆனால் ஞாபகம் பலமாக இருந்தது. மூன்றாவது பெஞ்சுக்காரி ஒரு முறை சத்தமாகப் படித்தால் போதும். என் முறை வரும்போது புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். ஒரு தடவை பக்கம் திருப்ப மறந்துபோய், அடுத்த பக்கத்துப் பாடத்தையும் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். டீச்சர் அடுத்த பிள்ளையைப் படிக்கச் சொன்னார். கவனிக்கவில்லை என்று சாமிக்கு நன்றி சொன்னேன்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் அந்தச் சீட்டு வந்தது. மற்றச் சீட்டுகள் ஒரே மடிப்பாக இருக்கும். இது நாலாக மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது.

"அப்பா கையில மட்டும் குடு. வேற யார்கிட்டயும் குடுக்காத, என்னா?" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான், எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார். ஊருக்கே புத்தகம் கொடுக்கிறவர் மகளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்று நாளைக்குத் தெருவெல்லாம் பேசும். அப்பா வேலையை விட்டுவிடுவார். எங்களுக்குச் சாப்பாடு இருக்காது. நாலு தெரு தாண்டுவதற்குள் குடும்பத்தை நடுத்தெருவில் கொண்டு வந்து நிறுத்திவிட்டேன்.

வழியில் பெரியப்பா மகன் சைக்கிளில் வந்தான். பத்தாவது படிக்கிற அண்ணன். சீட்டை நீட்டினேன்.

"இன்னாடி இது, லவ் லெட்டரா?"

"டீச்சர் அப்பாவுக்குக் குடுத்தது. என்னப் பத்தி எழுதியிருக்கா பாருண்ணா."

"ஒனக்குப் படிக்கத் தெரியாதா?"

"பின்னு கையில குத்தும்."

பின்னை நகத்தால் கிளப்பிப் படித்தான். "நாலாங் கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரலியாம். பெரிய எழுத்துல, பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரி இருக்கற புத்தகமா அனுப்பணுமாம். பேரு எழுத வேணாம்னு எழுதலியாம். ஒன்ன பத்தி ஒண்ணும் இல்ல, போடி."

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு ஓர் ஆச்சரியமும் வந்தது. அப்படியானால் எங்கள் வகுப்பில் என்னைப் போலவே இன்னொருத்தி இருக்கிறாள்! பாவம், மாட்டிக்கொண்டாள். நான் மாட்டவில்லை.

அப்பா அந்தச் சீட்டை நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து ஒரு முறை படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சனிக்கெழம கடலூர் பெரிய லைப்ரரிக்குப் போறேன். நீயும் வாம்மா," என்றார். அவர் என்னை அதுவரை கடலூருக்கு அழைத்துப் போனதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்க வகுப்பில் ஒவ்வொருத்தி வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் அந்தப் பிள்ளை? மூன்றாவது பெஞ்சுக்காரி மேல் சந்தேகம் வந்தது. அவள் படிக்கும்போது விரல் வைத்துப் படிப்பாள். "கவலப்படாதடி, புத்தகம் வருது," என்று காதில் சொன்னேன். "லூசா நீ?" என்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடலூர் நூலகத்தில் சிறுவர் பகுதி தனியாக இருந்தது. அப்பா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மெல்லிய புத்தகங்களாக இருபது முப்பதைப் பரப்பினார். ஓர் ஆடு மழையில் குடை தேடிப் போகிற கதையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"அந்தப் புள்ளைக்கு இது தோதா இருக்குமா, படிச்சிப் பாரு."

முன்னால் யாரும் படித்துக் காட்டாத புத்தகம். ஒப்பிக்க வழியில்லை. "கண்ணு எரியுதுப்பா. பஸ்ஸு செம்மங்குப்பம் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனிப் பொகை பட்டுடுச்சி."

அப்பா வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் அடித்துக் கண்ணைக் கழுவிவிட்டார். மறுபடி கூட்டி வந்து உட்காரவைத்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"ஒண்ணு பண்ணலாம். நீ படிக்க வேணாம். அந்தப் புள்ள எப்புடிப் படிக்கும், அத மாதிரி நடிச்சிக் காட்டு. எங்க முட்டுதுன்னு நான் குறிச்சிக்கிறேன். அப்பதான சரியான புத்தகமா எடுக்க முடியும்?"

நடிப்பதென்றால் பயமில்லை. விரலை வைத்தேன். "ஆ... டு... ஆடு. கு... டை..." 'தேடியது' என்ற இடத்தில் நின்றே போனேன். அப்பா அவசரப்படுத்தவில்லை. பென்சிலால் ஒரு தாளில் ஏதோ குறித்தார்.

"அடடா, அந்தப் புள்ள மாதிரியே படிக்கிற," என்றார்.

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. என்னால் முடிந்த மட்டும் நன்றாகத்தான் படித்திருந்தேன்.

ஏழு புத்தகங்கள் எடுத்தோம். அவற்றை உடனே அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. முதலில் நாம் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார். தினமும் சாயங்காலம் நூலகத்தில் கூட்டம் குறைந்ததும் நான் அவர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையாகிவிடுவேன். முட்டும் இடத்தில் அப்பா, "அந்தப் புள்ளைக்கு இத எப்புடிச் சொல்லித் தரலாம்? மொத எழுத்த மட்டும் பாக்கச் சொல்லலாமா?" என்று என்னிடமே யோசனை கேட்பார். நானும் பெரிய மனுஷி மாதிரி, "மூடி வச்சி ஒவ்வொண்ணா தெறக்கச் சொல்லுங்கப்பா," என்பேன். திருப்பித் தரவேண்டிய தேதி வந்தால், டீச்சர் பெயரிலேயே மறுபடி முத்திரை குத்திக்கொள்வார். டீச்சரும் எப்போதாவது என்னிடம், "அந்தப் புள்ள எந்தப் புத்தகம் வரைக்கும் வந்துருக்கு?" என்று கேட்பார். அந்தப் பிள்ளைக்காக யோசிக்கிற பெரியவர்களில் ஒருத்தியாக என்னையும் சேர்த்துக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ராத்திரி படுத்தால் கவலை வந்துவிடும். நாம் இங்கே சோதித்துக்கொண்டே இருக்கிறோம், அது அங்கே புத்தகம் இல்லாமல் திண்டாடுகிறதே.

மழைக்காலம் முடிகிற சமயம். ஏழாவது புத்தகம். படகுக்காரர் ஒருவர் தொலைத்த செருப்பைத் தேடிப் போகிற கதை. செருப்பு கிடைக்குமா கிடைக்காதா என்கிற பதைப்பில் படித்துக்கொண்டே போனேன். கிடைத்துவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தேன். அப்பாவின் பென்சில் தாளில் ஒரு கோடுகூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. எங்கும் நிற்கவே இல்லை. நடிப்பையே விட்டுவிட்டேன்.

அழுகை வந்துவிட்டது. "மறந்துட்டேம்ப்பா. அந்தப் புள்ள மாதிரி படிக்க மறந்துட்டேன். என்னாலதான் அதுக்கு இன்னும் புத்தகம் போயிச் சேரல. குடுத்துடுங்கப்பா, பாவம்ப்பா அது."

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, செருப்புப் புத்தகத்தை இழுத்து, பின்அட்டைத் தாளில் தேதி முத்திரையைக் குத்தினார். அது தலைகீழாக விழுந்தது. அவர் அப்படித் தவறாகக் குத்தி நான் பார்த்ததே இல்லை.

"குடுத்தாச்சிம்மா," என்றார்.

"எப்பப்பா?"

"குடுத்தாச்சி. வா, வூட்டுக்குப் போலாம்."

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. எப்போது கொடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்பதுதான் விளங்கவில்லை. அந்தப் புத்தகம் அதுவரைக்கும் என் மடியில் அல்லவா இருந்தது.