சிறுபுள்ளி

வக்கீல் நோட்டீஸின் மூன்று பக்கங்களையும் மகள் நகலெடுத்துக் கொடுத்தாள். அப்பா சிவப்புப் பேனாவைத் திறந்தார். அசலில் கை வைக்க மாட்டார். அது தொழில் பழக்கம்.

நாளிதழ் ஒன்றில் இருபத்தேழு வருடம் பிழை திருத்தியவர் அவர். விட்டுப்போன ஒற்றெழுத்துக்கெல்லாம் புள்ளி வைத்து வைத்து, ஆபீஸில் அவர் பெயரே 'புள்ளி' ஆகிவிட்டது. ஓய்வுக்குப் பின் தொடங்கிய வலைப்பூவுக்குச் 'சிறுபுள்ளி' என்று பெயர் வைத்தார். பெரும்புள்ளி யார் என்று படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த நாளிதழின் ஆசிரியர்.

ஆசிரியருக்கு விருது வாங்கித் தந்தது ஓர் ஆலைத் தீ விபத்தை 'நேரில் கண்டு' எழுதிய கட்டுரை. தொழிலாளிகளே கதவை உள்ளே பூட்டிக்கொண்டார்கள் என்று அதில் எழுதியிருந்தார். செத்தவர்களின் குடும்பங்கள் அந்தப் பழியை இன்னும் சுமக்கின்றன. ஆலை எரிந்த நேரத்தில் ஆசிரியர் தம் அறையை விட்டு அசையவே இல்லை. ப்ரூஃப் தாள்களில் கையெழுத்தும் நேரமும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். தாம் பத்திரப்படுத்தியிருந்த அந்தத் தாள்களை அப்பா படமெடுத்து வலைப்பூவில் வெளியிட்டார். அன்றைக்கு வாயைத் திறக்காமல் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியவன் நான் என்று முதல் வரியிலேயே எழுதினார்.

பதில் சொல்ல ஆசிரியர் கையில் தினமும் பன்னிரண்டு பக்கம் இருந்தது. அவர் வக்கீலை ஏவினார். பதினைந்து நாளில் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு.

"பத்தொம்பது பிழைம்மா."

"இது கேஸ்ப்பா. கட்டுரைப் போட்டி இல்ல."

"இதப் பாரு." அவர் விரல் ஒரு வரியில் நின்றது. 'எங்கள் கட்சிக்காரர்மீது ஆதாரமுற்ற குற்றச்சாட்டுகளைப் பரப்பியுள்ளீர்கள்.'

"ஆதாரமற்றன்னு அடிக்க வந்தவன் ம-வ மு ஆக்கிட்டான். இத மட்டும் திருத்த மாட்டேன். ஆதாரம் இருக்குன்னு அவங்க வாயாலயே வந்துடுச்சு."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருத்திய நகலைக் காலையில் முதல் வேலையாக வக்கீலுக்கே பதிவுத் தபாலில் அனுப்புவதாக அப்பா சொன்னார்.

காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். இறப்புச் சான்றிதழில் காரணம் நோட்டீஸ் என்று எழுத இடமில்லை.

இருபத்தேழு வருடம் உழைத்தவருக்கு நாளிதழ் ஒரு வரி இரங்கல் போடவில்லை. எட்டாம் நாள் வக்கீல் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"அப்பாதான் போயிட்டாரே. பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கும்ல? அந்தப் பதிவ எடுத்துடுங்கம்மா. சார் பெரிய மனசு பண்ணி இதோட விட்டுடறேங்கறார்."

"எந்தப் பதிவு?"

"அதாம்மா, அந்த ஆதாரமற்ற…"

"நீங்க எழுதினது அப்படி இல்லையே. எடுத்துப் பாருங்க."

மறுமுனையில் காகிதம் புரண்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

சர்வர்களைப் பராமரிப்பது அவள் பிழைப்பு. அன்றே வலைப்பூவை இன்னும் மூன்று இடங்களில் ஏற்றினாள். அப்பா எழுதியதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

மேசையில் உறை அப்படியே கிடந்தது. உள்ளே பதினெட்டுத் திருத்தங்கள், திருத்தாத ஒன்று. வெளியே அப்பாவின் கையெழுத்தில் வக்கீலின் முகவரி. அஞ்சல் குறியீட்டுக்கான கட்டங்கள் மட்டும் காலி; நோட்டீஸில் அந்த எண் இல்லை. தெரியாத எண்ணை ஊகித்து எழுதுகிறவர் இல்லை அவர். தபால் நிலையத்தில் கேட்டு நிரப்புவதாக இருந்தார்.