பங்கிராஸ் ஊதாத விசில்

காமயகவுண்டன்பட்டியில் பங்கிராஸைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பந்துக் கிறுக்கனா?" என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கடல் தாண்டிப் போய், ஒன்றைக் கண்டு, அதன் மேல் உயிரை வைத்துவிட்டுத் திரும்பி வந்த மனுஷன் அவர். அவர் செய்த தவறு கிறுக்கால் வந்ததல்ல. கிறுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்திருந்தால் அந்தத் தவறே நடந்திருக்காது.

பங்கிராஸ் பிறந்தது இராயப்பன்பட்டியில், வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்தில். மீசை அரும்பிய வயதில் சென்னப்பட்டணம் போய் ஒரு குதிரை வியாபாரியின் லாயத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பட்டாளத்துக்கு வேண்டிய குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரும். குதிரைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு கப்பலில், ஆயிரத்து எண்ணூற்று எண்பது வாக்கில், வியாபாரி இவரையும் ஏற்றி அனுப்பிவிட்டான். மெல்போர்ன் நகரத்து ஓரத்தில் ஒரு லாயத்தில் வேலை. போன புதிதில் குளிரும் தனிமையும் சேர்ந்து அவரை வாட்டி எடுத்துவிட்டன. பேச ஆளில்லாமல் குதிரைகளிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஒரு திடலைப் பார்த்து நடந்ததாம். இவரும் கூடவே போனார். அங்கே பந்தாட்டம். ஆஸ்திரேலியர்கள் தாங்களே விதி வகுத்துக்கொண்ட ஆட்டம் அது. முட்டை வடிவத்தில் தோல் பந்து. காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம், ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துத் தள்ளலாம். இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் கோல். முதல் அரைமணி நேரம் ஒன்றுமே விளங்கவில்லை என்று பங்கிராஸ் சொல்வார். அதற்குப் பிறகு வேறு எதுவுமே விளங்கவில்லை என்பதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

லாயம் இருந்த பேட்டைக்கென்று ஓர் ஆட்டக் கட்சி இருந்தது. சிவப்பு வெள்ளைச் சட்டை. அதுதான் பங்கிராஸின் கட்சி. ஏன் அந்தக் கட்சி என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். "பெத்த தாயை யாராச்சும் பொறுக்கி எடுப்பாகளா?" என்பார். தொப்பியில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு வேலியோரம் நிற்பார். பக்கத்தில் கசாப்புக்கடைக்காரன் நிற்பான், துறைமுகத்துக் கூலி நிற்பான், குடையும் கையுமாகப் பெண்கள் நிற்பார்கள். எதிர்க்கட்சிக்காரன் வேலியோரம் வந்தால் அந்தக் குடையாலேயே அவனை ஒரு குத்து குத்துவார்கள். வாரத்தில் மற்ற நாளெல்லாம் அவரை, நீ எந்த ஊர், ஏன் இந்த நிறம் என்று கேட்டவர்கள் உண்டு. கேலி பேசியவர்களும் உண்டு. சனிக்கிழமை கோல் விழுந்தால் அந்தக் கசாப்புக்காரன் இவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிடுவான். பங்கிராஸுக்கு அது போதுமாக இருந்தது.

ஆட்டத்தில் அவர் மனசைப் பறிகொடுத்த இடம் ஒன்று உண்டு. ஒருவன் உதைத்த பந்தை, தரையில் விழுமுன் இன்னொருவன் எம்பிப் பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். நடுவர் விசில் ஊதுவார். அவ்வளவுதான், அத்தனை முரடர்களும் விலகி நிற்க வேண்டும். பிடித்தவனைத் தொடக்கூடாது. அவன் நிதானமாக உதைப்பான். பிடித்தவன் கரி அள்ளுகிறவனாக இருக்கட்டும், எதிரே நிற்பவன் பெரிய வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும், பிடித்தவனுக்கு வழி விட்டாக வேண்டும். இதை அவர் பூசை முடிந்து வந்தவர் முகத்தோடு சொல்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அங்கே நடுவரைத் திட்டுவது கூட்டத்தின் பாத்தியதை. பங்கிராஸும் குறை வைக்கவில்லை. இங்கிலீஷில் தெரிந்த வசவு தீர்ந்துபோனால் சொந்த ஊர்க் கம்பம் பள்ளத்தாக்கு வசவை எடுத்துவிடுவார். ஒரு முறை நடுவர் இவருடைய பேட்டைக் கட்சிக்கு எதிராக விசில் ஊதி, கூட்டம் கல்லெறிந்து, இரண்டு பக்கமும் போலீஸ் நடக்க அந்த ஆள் தலையைக் குனியாமல் வெளியே போனாராம். அன்றைக்கு எல்லோரையும்விட உரக்கக் கத்தியது பங்கிராஸ்தான்.

எண்பத்தேழில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தகவல் வந்து ஊருக்குப் புறப்பட்டார். அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டுவண்டி பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அதன் பிறகு வியாகுலமேரியைக் கட்டிக்கொண்டு காமயகவுண்டன்பட்டியில் குடியேறினார். அங்கே அம்மாவாசி என்ற நிலபுலமுள்ள பெரிய சம்சாரி புதிதாக ஒரு குதிரை வாங்கியிருந்தார். குதிரையைப் பார்க்கிற வேலை பங்கிராஸுக்கு. குடியிருந்த மனையும் அம்மாவாசியுடையதுதான். ஊரில் அம்மாவாசி உட்காரு என்றால் உட்கார வேண்டும், எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும்.

வைகாசி பிறந்தால் பங்கிராஸுக்கு இருப்புக் கொள்ளாது. அங்கே ஆட்டம் தொடங்கியிருக்குமே, நம்ம கட்சி எப்படி ஆடுதோ என்று தவிப்பார். யாரிடம் கேட்பது? பெரியாறு அணை வேலைக்குக் கூடலூர் வழியாகப் போகிற துரைமார்களை மறித்துக் கேட்டுப் பார்த்தார். அவர்களுக்குக் கிரிக்கெட்தான் தெரிந்தது. அவர் பேச்சைச் சிரிக்காமல் கேட்டது ஊரில் ஒரே ஒருவர், சுருளியாண்டி. கீழத்தெருக்காரர், நல்ல உயரம், கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்து இறுகிய உடம்பு. சாயங்காலம் கிணற்று மேட்டில் மாடுகளை அவிழ்த்துவிட்டு இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"ஏப்பா, ஒங்க கச்சி தோத்துப் போனா என்ன செய்வ?" என்று ஒருநாள் சுருளியாண்டி கேட்டார்.

"அழுவேன். பெறகு அடுத்த சனிக்கெழமையும் போயி நிப்பேன்."

"அப்ப அது கச்சி இல்லப்பா. குடும்பம்."

அன்றையிலிருந்து பங்கிராஸுக்கு சுருளியாண்டி என்றால் உயிர். இந்த ஊரிலும் ஒரு கட்சி இருந்தால், வேலியோரம் நின்று கத்த நமக்கும் ஒன்று இருந்தால் என்ற ஆசை அவர்கள் பேச்சில்தான் முளைத்தது. தொண்ணூற்றிரண்டு பொங்கலுக்கு மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஆட்டம் என்று முடிவாயிற்று. பந்துக்கு ஆட்டுத்தோல் வாங்கித் தைத்தார்கள். உள்ளே ஊதி வைக்க ஒன்றும் அகப்படாமல் இலவம்பஞ்சை அடைத்துவிட்டார்கள். உதைத்தால் நன்றாகத்தான் போயிற்று. தரையில் குத்தினால் மட்டும் எழும்பாது, விழுந்த இடத்தில் கிடக்கும்.

வினை அங்கேதான் பிடித்தது. பந்தைத் தரையில் ஓங்கிக் குத்தி, எழும்புகிற பந்தை யார் எட்டுகிறாரோ அவர் எடுக்கட்டும் என்று ஆட்டத்தைத் தொடங்க பங்கிராஸ் நினைத்திருந்தார். யாருக்கும் முதல் உரிமை கிடையாது. பந்து எழும்பாவிட்டால் யாராவது ஒருவர் கையில்தானே கொடுக்க வேண்டும்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதிலும் முதல் மரியாதை வேண்டும். மழை பெய்தால்கூட முதல் துளி எந்தத் தெருவில் விழுந்தது என்று கூட்டம் போடுவார்கள். அறுத்த வயலில் கோல் கம்பங்களாக மூங்கில் நட்டு, ஆள் எல்லாம் கூடிய பிறகு, புளியமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவாசி கையைத் தட்டினார்.

"ஏலே பங்கிராசு, பந்துக்கு மாலையைப் போட்டு இங்கன கொண்டா. நாந்தேன் தொட்டுக் குடுக்கணும். மொதல்ல எங்க ஒச்சாண்டி ஒதைக்கட்டும்."

ஒச்சாண்டி அவருடைய அக்காள் மகன், மேலத்தெருவுக்குத் தலைவன். பங்கிராஸ் கழுத்தில் விசில் தொங்கியது. மெல்போர்னிலிருந்து ஆசையாக வாங்கி வந்த விசில். அன்றைக்கு நடுவர் அவர்தான். அவர் சுருளியாண்டியைப் பார்த்தார். "போகட்டும்ப்பா, ஆட்டம் நடந்தாச் சரி" என்று சுருளியாண்டியே சொல்லிவிட்டார். பந்துக்கு சாமந்தி மாலை விழுந்தது.

ஆட்டம் நன்றாகவே சூடு பிடித்தது என்று பார்த்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். பெண்கள் வரப்பில் நின்று குலவையிட்டார்கள். கீழத்தெருக் கிழவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். பங்கிராஸ் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்த நேரம் கீழத்தெருப் பையன் ஒருவன் உதைத்த பந்து மேலத்தெரு மூங்கில்களை நோக்கி உயரமாக வந்தது. ஒச்சாண்டி எம்பினான். அவனுக்கு மேலே ஒரு முழம் எம்பி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து, சுத்தமாகத் தரையில் வந்து நின்றார் சுருளியாண்டி. மெல்போர்னில்கூட அப்படி ஒரு மார்க்கைப் பார்த்ததில்லை என்று பங்கிராஸ் பின்னாளில் வியாகுலமேரியிடம் சொல்லியிருக்கிறார்.

சுருளியாண்டி விதியை நம்பினார். பிடித்தாயிற்று, இனி யாரும் தொடமாட்டார்கள் என்று உடம்பைத் தளர்த்திக்கொண்டு நின்றார். பங்கிராஸ் விசிலை வாயில் வைத்தார். வைத்துவிட்டுக் கட்டிலைப் பார்த்தார். அம்மாவாசி எழுந்து நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் வாயில் இருந்தது. மூச்சு வரவில்லை.

ஒச்சாண்டியும் இன்னும் இருவரும் பாய்ந்து சுருளியாண்டியைச் சாய்த்தார்கள். முழங்கால் முறிந்த சத்தம் வரப்பு வரை கேட்டது.

பச்சிலை வைத்து மூங்கில் பத்தை கட்டினார்கள். எலும்பு கூடியது, முழங்கால் மடங்கவில்லை. கமலை இறைப்பவன் நாள் முழுக்க மாடுகளோடு சரிவில் இறங்கி ஏற வேண்டும். மடங்காத காலோடு அது முடியுமா? அதைவிட மோசமான ஒன்று நடந்தது. அம்மாவாசி வீட்டு ஆட்கள், சுருளியாண்டி பந்தைப் பிடிக்கவே இல்லை, கை நழுவவிட்டுத் தானே விழுந்து காலை ஒடித்துக்கொண்டான் என்று சொல்லத் தொடங்கினார்கள். பார்த்தவர்களும் நாளடைவில் அப்படியே பேசினார்கள். சிறுபிள்ளைகள் அவர் நொண்டி நடப்பதை நடித்துக்காட்டிச் சிரித்தார்கள். பிடித்தாரா இல்லையா என்று சொல்லும் உரிமை உள்ளவர் ஒருவர்தான், அன்றைய நடுவர்.

பங்கிராஸ் விடியலில் எழுந்து சுருளியாண்டியின் கிணற்றில் கமலை இறைத்துக் கொடுத்துவிட்டு, அப்புறம் குதிரை லாயத்துக்குப் போனார். பல மாதம் அப்படிச் செய்தார். சுருளியாண்டி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்.

"நான் பிடிச்சனா, இல்லையா?"

"பிடிச்ச."

"அதை ஊர் கூடுற மந்தையில வந்து சொல்லு. நீ எனக்குத் தண்ணி எறைக்க வேணாம்."

பங்கிராஸ் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் கிணற்றில் சுருளியாண்டி வைத்த வேறு ஆள் நின்றான். வியாகுலமேரியும் சொல்லிப் பார்த்தாள். "போயிச் சொல்லிட்டு வாங்களேன். இந்த மனை போனா இராயப்பன்பட்டியில குடிசை போட எடமா இல்ல?" அதற்கு அவர், "குதிரையை யாரு பாப்பா?" என்றாராம். அந்தக் குதிரைக்கு இவரை விட்டால் புல் போட ஆளே இல்லாத மாதிரி. எனக்கு அவர் மேல் இருக்கிற மரியாதை எல்லாம் இந்த இடத்தில் கொஞ்சம் சுருங்கிவிடுகிறது. பயம் என்று ஒப்புக்கொண்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் வைகாசி வந்தாலும் அவர் தம் கட்சியைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கல்லெறிபட்ட நடுவரைப் பற்றித்தான் எப்போதாவது பேசினார். "அந்த மனுசனை என்னவெல்லாம் வஞ்சேன். அவரு கால்ல விழணும்" என்று வியாகுலமேரியிடம் சொல்லியிருக்கிறார். பெரியாற்றுத் தண்ணீர் வந்து பள்ளத்தாக்கெங்கும் நெல் விளைந்தது. ஒருவருக்கொருவர் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு அவர்கள் இருவரும் முகம் பார்க்காமல் இருந்தார்கள்.

தொண்ணூற்றெட்டில் அம்மாவாசி காய்ச்சல் கண்டு செத்துப்போனார். ஒச்சாண்டி நிலபுலத்தை விற்றுவிட்டு அல்லிநகரத்துப் பக்கம் போய்விட்டான். அந்தச் சித்திரையில் திருவிழாவுக்கு நாள் குறிக்க மந்தையில் ஊர் கூடியது. பேச்செல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போகும் நேரத்தில் பங்கிராஸ் எழுந்து நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லணும். அன்னைக்குப் பந்தைச் சுருளியாண்டி பிடிச்சுட்டாரு. சுத்தமாப் பிடிச்சாரு. நாந்தேன் ஊதல."

கூட்டம் விழித்தது. "எந்தப் பந்து?" என்று ஒருவர் கேட்டார். பின்னால் இளவட்டங்கள் சிரித்தார்கள். சிலருக்கு நினைவு வந்து, "அது கெடக்கட்டும்ப்பா, பழைய கதை" என்றார்கள். பங்கிராஸ் யாரையும் கவனிக்கவில்லை. காலை நீட்டி ஓரமாக உட்கார்ந்திருந்த சுருளியாண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருளியாண்டி முகத்தில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

"நான் பிடிச்சது எனக்குத் தெரியும், பங்கிராசு. அன்னைக்கு அவுக இருந்தாக, நீ சொல்லல. இன்னைக்கு அவுக இல்ல, சொல்லுற. அம்புட்டுத்தேன்."

பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு கீழத்தெருவைப் பார்த்து நடந்தார்.