ஹூபெர்ட் சொன்ன 'அதோடு'

நெதர்லாந்தின் மெர்வேடே ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்க்கும் மோட்டார் படகு ஹூபெர்ட்டுடையது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்த சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக்கூடத் தொடமாட்டார். ஒரே மகள் யோரீன் காதலித்ததோ தெற்கே பிரேடாவில் வீடுகளுக்கு ஓடு வேயும் கத்தோலிக்கப் பையன் தோனை.

1964-ஆம் வருஷம் ஒரு ஞாயிறு, சபை முடிந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது யோரீன் பேச்சை எடுத்தாள். "அப்பா, அடுத்த ஞாயிறு தோனைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்."

உருளைக்கிழங்கின் மேல் குழம்பை ஊற்றிக்கொண்டே ஹூபெர்ட் சொன்னார்: "தார் ஏத் இக் நீத் மே."

அதாவது, 'அதோடெல்லாம் நான் சாப்பிடறதில்லை.' டச்சில் ஆளென்றால் 'மெட் ஹெம்', அவனோடு. பொருளென்றால்தான் முன்னால் ஒரு 'தார்', பின்னால் ஒரு 'மே': அதோடு.

யோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அவனோடன்னு சொல்லுங்க. பிடிக்கலைன்னா பிடிக்காமலே இருக்கட்டும். அவன் ஆளுப்பா, சாமான் இல்ல."

"பேச்சுவாக்குல எல்லாரும் அப்படிச் சொல்றதுதானேடி," என்றாள் அம்மா நீல்தியே.

"அப்பா சொல்றதில்லையே. குடிச்சிட்டுப் படகேறுறவனைக்கூட அவன்னுதான் சொல்வார்."

ஹூபெர்ட் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. திருத்திச் சொல்ல இரண்டே சொல் போதும்; வாய் வரவில்லை. அந்த மாதமே யோரீன் பிரேடாவுக்குப் போய்விட்டாள். கல்யாணத்தன்று அவர் வழக்கம்போலப் படகு ஓட்டினார்.

நீல்தியே மட்டும் பஸ்ஸில் போய்வருவாள். சில வருஷம் கழித்து, ஆறு உறைந்து படகு நின்றிருந்த குளிர்காலத்தில் ஹூபெர்ட் கேட்டார்: "அவன் நல்லாயிருக்கானா?"

"அவனா? இதை எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"பனி உருகட்டும்."

பனி உருகியது. படகுக்கு வர்ணம் பூச வேண்டியிருந்தது. அப்புறம் கோடைக்கூட்டம். இலையுதிர் காலத்தில், மழையில் நனைந்த கூரையிலிருந்து தோன் வழுக்கி விழுந்து இறந்துபோனான்.

அடக்கம் முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் காப்பியும் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் கொடுத்தார்கள். ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்த ஹூபெர்ட்டிடம் தோனின் அண்ணன் வந்தான். "நீங்க தோனுக்கு எப்படிப் பழக்கம்?"

"யோரீனோட அப்பா."

அவன் கை கொடுத்தான். "உங்க படகுல ஒரு தடவை வந்திருக்கான். பேசணும்னுதான் வந்தான். தைரியம் வரல, இறங்கிட்டானாம். மனுஷன் அழகா ஓட்டறார்னு சொன்னான்."

ஹூபெர்ட் படகில் ஏறியிறங்கிய எத்தனையோ முகங்களை நினைத்துப் பார்த்தார். அதில் தோனின் முகம் எதுவென்று அவருக்குத் தெரியாது. யோரீன் வந்து அவர் கோப்பையில் காப்பி ஊற்றினாள். பக்கத்தில் உட்காராமல் அடுத்த மேசைக்குப் போனாள்.