ஒன்றரை சைட்

பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகும் சாலையில் எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. கண்ணைப் பரிசோதித்து, பவர் எழுதி, பிரேம் போட்டுக் கொடுப்பது தொழில். ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. பிறகு என் மச்சினன், மனைவியின் தம்பி, வீட்டுமனை வியாபாரத்தில் இறங்கினான். அவனுக்குத் தனி ஆபீஸ் எதற்கு, மாமா கடையின் முன்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று வீட்டில் முடிவானது. அது முடிவானபோது நான் வீட்டில் இல்லை.

என் பெயர்ப் பலகையில் ‘இங்கு சைட் பார்க்கப்படும்’ என்று இருந்தது. மச்சினன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, நமக்கும் இதே போதும் மாமா என்று சொல்லி, அடியில் தன் போன் நம்பரை மட்டும் எழுத வைத்தான்.

ஆங்கிலத்தில் மனைக்கு ஒரு சைட், பார்வைக்கு ஒரு சைட், பக்கத்துக்கு ஒரு சைடு. மேற்கோள் காட்டுவதற்கும் ஒரு சைட் உண்டாம். நல்லவேளை, அது பாலக்கோடு வரை வரவில்லை. எழுத்துக்கூட்டிச் சொன்னால் குழப்பம் தீரும் என்று மச்சினன் நம்பினான். ஒருநாள் போனில் யாரிடமோ எஸ், ஐ, டி, ஈ என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். ‘சைடுங்களா, எந்த சைடு?’ என்று கேட்டார் அவர். அவர் மேல் தப்பில்லை. ஆங்கிலத்தில் நான்காவது எழுத்தும் நம் வாயில் டி, இருபதாவது எழுத்தும் டி. அன்றோடு மச்சினன் எழுத்துக்கூட்டுவதை விட்டுவிட்டான்.

ஒரு சனிக்கிழமை மண்டியில் தக்காளியை இறக்கிவிட்டு ஒரு விவசாயியும் அவர் மனைவியும் கடைக்கு வந்தார்கள். மச்சினன் டீ குடிக்கப் போயிருந்தான். சைட் பார்க்க வேண்டும் என்றார் அவர். யாருக்கு என்று கேட்டேன். ரெண்டு பேர் பேரிலும் என்றார். கிட்டத்திலா, தூரத்திலா என்று கேட்டேன். பஸ்ஸுக்குக் கிட்டத்தில் என்றால் நல்லது என்றார். பஸ் போர்டைப் படிக்கச் சிரமப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் மூடினார். சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் பிசகில்லாமல் படித்தார். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிக்கத் தெரியுமா என்று சோதிப்பதாக நினைத்தாராம். பிற்பாடு சொன்னார்.

“உங்களுக்கு சைட் ஒண்ணும் இல்லைங்க,” என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. “எல்லாம் வித்துப்போச்சுங்களா?”

பிரேமைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, புதிதாக நிறைய வந்திருக்கிறது, முதலில் வீட்டம்மாவைப் பார்த்துவிடலாம் என்றேன். அந்த அம்மாவுக்கு மூன்றாவது வரிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் வட்டமான இரும்பு பிரேமை அவர் முகத்தில் மாட்டினேன். கடைசியில் எழுத்துகள் தெளிந்தன.

“இவங்களுக்கு ஒன்றரை இருக்குதுங்க,” என்றேன்.

“ஒன்றரை சென்ட்டுல என்னங்க கட்டறது?”

அவர் கேட்டது என் காதில் பாதிதான் விழுந்தது. இரண்டு பக்கமும் ஒன்றரைதான் என்றேன். அப்படியானால் மூன்று, ரெண்டும் ஒட்டினாற்போல் இருக்கிறதா என்று கேட்டார்.

“நடுவுல மூக்குதாங்க இருக்குது.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அந்த மூக்கு யார் பேருல இருக்குதுங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதற்குள் மச்சினன் வாசலில் வந்து நின்றான். ‘யார் பேருல’ என்ற சொல் போதும் அவனுக்கு. நான் எழுந்திருப்பதற்குள் இருவரையும் காரில் ஏற்றிவிட்டான். அந்த அம்மா முகத்தில் இரும்பு பிரேமோடு போனார். பரிசோதனைக்கென்று கடையில் இருந்த ஒரே பிரேம் அதுதான். ஷட்டரை இறக்கிவிட்டு பைக்கில் பின்னாலேயே போனேன்.

ஊருக்கு வெளியே செம்மண்ணை மட்டப்படுத்தி வெள்ளைக் கற்கள் நட்டிருந்தார்கள். மச்சினன் ஒவ்வொரு கல்லாகக் கை காட்ட, அந்த அம்மா கல்லில் எழுதியிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். தூரப் பார்வையைச் சோதிக்கத்தான் வெட்டவெளிக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். இவ்வளவு அக்கறையான பார்ட்டியைப் பார்த்ததே இல்லை என்று மச்சினன் என் காதில் சொன்னான்.

கற்கள் முடிந்ததும் அந்த அம்மா தூரத்து மலைப் பக்கம் திரும்பினார். வெகு நேரம் பார்த்தார்.

“மேல வரைக்கும் மரமா இருக்குது,” என்றார்.

நான் கணவரைத் தனியாக அழைத்து விஷயத்தை விளக்கினேன். அவர் மண்ணைப் பார்த்தபடி கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். மனைவி ஒரு வருடமாக, டவுனுக்குப் போய் சைட் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கூட்டுக் குடும்பம் பிடிக்காமல் தனி வீடு கேட்கிறாள் என்று இவர் முடிவு செய்தார். அண்ணனோடு சண்டை போட்டார், நிலத்தைப் பிரித்தார், ஒரே கூரைக்குள் அடுப்பையும் பிரித்தார். சொல்லி முடித்துவிட்டு மனைவியிடம் போனார்.

“சைட்டு சைட்டுன்னு நீ சொன்னது கண்ணத்தானா?”

“கண்ணத்தான்.”

“அப்ப அடுப்பப் பிரிச்சப்ப ஏன் சும்மா இருந்த?”

“நீங்களாத்தான் பிரிச்சீங்க. ஏதோ காரணம் இருக்கும்னு இருந்துட்டேன். உங்க அண்ணி கொழம்புல புளியும் ஜாஸ்தி.”

மச்சினன் இடையில் புகுந்து, கார்னர் மனை ஒன்று இன்னும் இருக்கிறது என்றான். வேண்டாம், அண்ணன் காலில் விழுந்தாவது சேர்ந்துகொள்கிறேன் என்றார் அவர். அந்த அம்மா பிரேமைக் கழற்றி வெறும் கண்ணால் ஒரு தரம் பார்த்தார். திரும்ப மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

“வந்தது வந்தாச்சு. தண்ணி எத்தன அடியில இருக்குதுன்னு கேளுங்க,” என்றார்.

அந்த மனையை வாங்கினார்கள். கண்ணாடியும் வாங்கினார்கள், சிவப்பு பிரேம். நடந்ததைக் கேள்விப்பட்ட அண்ணன் முதலில் கோபப்பட்டார். பிறகு தம்பி என்னதான் வாங்கியிருக்கிறான் என்று பார்க்க வந்தார். வந்தவர் பக்கத்து மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது அங்கே இரண்டு வீடுகள் நிற்கின்றன. கிரகப்பிரவேசத்துக்கு நான் போயிருந்தேன். நடுச்சுவரில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது திறந்தேதான் கிடக்கிறதாம். ஆடு மட்டும் நுழையாமல் குறுக்கே ஒரு பலகை சாத்தியிருந்தது.